பதில் போடாத கடிதங்கள்

ஜனவரி 8, திங்கள்

காலை பி.பி. 150/90. மாலை 140/90. மாத்திரை இரண்டு வேளையும் கொடுத்தாயிற்று.

தினமும் பி.பி.யை எழுதி வைக்கும்படி ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். நூல்கடையில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது, அதை எடுத்துக்கொண்டேன். இரண்டு எண்ணை எழுதி மூடினால் பக்கம் முழுக்க வீணாகப் போகிறது. அதனால் மற்றதையும் எழுதலாம் என்றிருக்கிறேன்.

அவருக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு மூன்று மாதம். வலது கையும் வலது காலும் இல்லை என்றே ஆகிவிட்டன. பேச்சும் போய்விட்டது. நாம் பேசுவது எல்லாம் புரிகிறது. பதிலுக்கு ஏதோ ஒரு சத்தம் வருகிறது, அவ்வளவுதான். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளுக்கெல்லாம் சீட் தைத்துக் கொடுத்த நாச்சிமுத்து, இப்போது கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் ஜவுளிக் கம்பெனிக்குப் பிசிறு வெட்டிக் கொடுக்கிறேன். மேசை விரிப்புகளை மூட்டையாக வீட்டுக்கே கொண்டுவந்து போடுகிறார்கள். இன்று எண்பது முடித்தேன்.

ஜனவரி 11, வியாழன்

அவருடைய போன் காலையிலிருந்து ஏழு முறை அடித்தது. எட்டாவது முறை எடுத்தேன். வீட்டுக்கடன் கம்பெனியிலிருந்து ஒரு பெண்.

"நாச்சிமுத்து சார் இருக்காங்களா?"

"இருக்காருங்க. பேச முடியாதுங்க."

"எப்ப பேசுவாங்க மேடம்?"

எனக்குத் தெரியவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு போனைச் சைலன்டில் போட்டுப் பீரோவுக்குள் வைத்தேன்.

ஜனவரி 16, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். அண்ணன் வேலாயுதம்பாளையத்திலிருந்து கரும்பும் வாழைத்தாரும் கொண்டுவந்தார். எனக்கு அவர் ஒருவர்தான் கூடப் பிறந்தவர். குழந்தைவேல் என்று சொன்னால் அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். சொந்தமாகப் போர்வெல் லாரி வைத்திருக்கிறார். லாரி வந்து மூன்று வருஷம் ஆகிறது.

கடன்காரர்கள் போன் செய்வதைச் சொன்னேன். ஐந்து மாதமாகத் தவணை கட்டவில்லை என்று போனில் மெசேஜ் வந்திருப்பதையும் சொன்னேன். அண்ணன் கரும்பை வெட்டிக்கொண்டே சொன்னார்.

"நீ எதுக்கும் வாயக் குடுக்காத அம்மிணி. போனெடுக்காத. தபால் வந்தா வாங்காத. கையெழுத்துப் போட்டு வாங்குனாத்தான் அவுங்களுக்குப் புடி."

"ஆபீசுக்கு ஒருக்கா நேர்ல போய்ச் சொல்லீட்டு வந்துரட்டுங்களாண்ணா?"

"எதுக்கு? போனா பைலத் தொறப்பாங்க. அதக் கொண்டா இதக் கொண்டாம்பாங்க. பேசாம இரு. இவ்வளவு ஒடம்புக்கு முடியாத மனுசன வெளிய தள்ளிருவாங்களா?"

அண்ணன் பேசும்போது இவர் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். தண்ணீர் கேட்கிறார் என்று கொடுத்தேன். குடிக்கவில்லை.

ஜனவரி 29, திங்கள்

பதிவுத் தபால் வந்தது. தடித்த உறை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தபால்காரர் வெயிலில் நின்று யோசித்தார். "வாங்கலைன்னு எழுதிக் கொண்டுபோயிருவனுங்க. ஆனா வாங்கலைன்னாலும் சட்டத்துல வாங்குன மாதிரிதாங்க்கா. படிச்சாவது பாத்திருக்கலாம்."

அண்ணன் சொன்னால் ஏதாவது காரணம் இருக்கும்.

மத்தியானக் கஞ்சி கொடுக்க நேரமாகிவிட்டது. பி.பி. 150/100.

பிப்ரவரி 7, புதன்

பி.பி. பார்க்கவில்லை. கை கால்களுக்குக் கொடுக்கும் பயிற்சியும் மூன்று நாளாகக் கொடுக்கவில்லை. பிப்ரவரியிலேயே என்ன வெயில்.

பிப்ரவரி 19, திங்கள்

பதினொரு மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். கேட்டைத் திறக்கச் சொல்லவில்லை. வெளியே நின்றபடியே கேட்டில் நான்கு தாள்களை வரிசையாக ஒட்டினார்கள். ஒருவர் ஒட்டியதைப் போனில் படம் எடுத்தார். கேட், வீட்டு எண், பக்கத்துச் சந்து எல்லாவற்றையும் எடுத்தார். ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. "வர்றோம்க்கா" என்று சொல்லிப் போனார்கள்.

எதிர்வீட்டில் துணி காயப் போட்டவள் உள்ளே போகாமல் நின்றாள். நான் அவள் பார்க்கட்டும் என்றே கேட்டருகில் நின்று நான்கு தாளையும் படித்தேன். அசலும் வட்டியுமாகப் பதினேழு லட்சத்துச் சொச்சம். நோட்டீஸ் தேதியிலிருந்து அறுபது நாளைக்குள் கட்டாவிட்டால் வீட்டைக் கையகப்படுத்தி விற்போம் என்று இருந்தது. கடன் வாங்கியவர் பெயருக்குக் கீழே உடன் கடன்தாரர், கோ. கோகிலவாணி. கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு என் பெயரை அச்சில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

நான் கையெழுத்துப் போட்டது உண்மைதான். வீடு கட்டும்போது ஒரு முறை, மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு முறை. "வட்டியக் கொறைக்கறாங்க, போட்டுரு" என்றார். அடுப்பில் பால் இருந்தது. எங்கெங்கே பென்சில் குறி இருந்ததோ அங்கெல்லாம் போட்டேன்.

அறுபது நாளில் பாதி ஏற்கெனவே போய்விட்டது. திருப்பி அனுப்பிய தபால் இதுவாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் அவருடைய மர அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தேன். சீட் துணி மாதிரிகளுக்கு அடியில் பதினொரு உறைகள் இருந்தன. ஆகஸ்ட் மாதத்திலிருந்து வந்தவை. எல்லாம் நோய் வருவதற்கு முன்பே வந்திருக்கின்றன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நோயாளியிடம் என்ன கோபப்படுவது.

பிப்ரவரி 21, புதன்

எதிர்வீட்டுப் பெண்ணை இரண்டு மணி நேரம் இவரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். கேட்டவுடனே வந்தாள். உறைகளை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு கோவை ரோட்டில் இருக்கும் கடன் கம்பெனிக் கிளைக்குப் போனேன்.

முக்கால் மணி நேரம் உட்காரவைத்தார்கள். பிறகு மேனேஜர் கூப்பிட்டார். ஜெரால்டு, நாற்பது வயதிருக்கும், திருச்சிக்காரர். பையிலிருந்து உறைகளை எடுத்து மேசையில் வைத்தேன். பிரிக்காத உறைகளை அவர் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணையும் படிக்கலையா மேடம்?"

"இல்லீங்க. அவரு படிக்கல. நான் பாக்கவே இல்ல."

"சாருக்கு உடம்பு சரியில்லைன்னு எங்களுக்கு யாருமே சொல்லலையே."

"போன்ல ஒருக்கா சொன்னனுங்க. பேச முடியாதுன்னு."

கம்ப்யூட்டரைப் பார்த்தார். "'கஸ்டமர் பேச மறுக்கிறார்'னு எழுதியிருக்காங்க."

எனக்கு அழுகை வரும் போலிருந்தது. அவர் ஒரு டம்ளர் தண்ணீர் வரவழைத்தார்.

"மேடம், ஒண்ணு சொல்றேன். நான் கம்பெனி ஆளு. உங்களுக்காகப் பேசுறேன்னு நினைச்சுக்காதீங்க. ஏலம் போட்டா எங்களுக்கும் அலைச்சல், பாதி விலைக்குத்தான் போகும். அதனால சொல்றேன். போன்ல சொன்னது எதுவும் இங்க நிக்காது. நடந்ததை எழுதிக் குடுங்க. என்ன ஆச்சு, எப்ப ஆச்சு, உங்களால என்ன முடியும், எவ்வளவு நாள் வேணும். ஆஸ்பத்திரி சீட்டை வைங்க. ரெண்டு காப்பி எடுத்து, ஒண்ணுல சீல் வாங்கிட்டுப் போங்க. நோட்டீசுக்கு நீங்க பதில் குடுத்தா நாங்களும் பதில் குடுத்தாகணும். நீங்க எழுதலைன்னா இங்க யாரும் உங்களைப் பத்தி யோசிக்க மாட்டாங்க."

"தமிழ்ல எழுதலாங்களா?"

"தாராளமா எழுதுங்க."

கோர்ட்டில் இலவசச் சட்ட உதவி மையம் இருக்கிறது, எழுதியதை அங்கே ஒருமுறை காட்டிவிட்டுத் தாருங்கள் என்றும் சொன்னார்.

வரும் வழியில் பஸ் ஸ்டாண்டில் நின்று ஒரு டீ குடித்தேன். தனியாகக் கடையில் நின்று டீ குடித்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

பிப்ரவரி 23, வெள்ளி

கடிதம் எழுதினேன். நான்கு முறை கிழித்தேன். முதலில் எழுதியதெல்லாம் கெஞ்சலாக இருந்தது. சட்ட உதவி மையத்து அம்மாள் பார்த்துவிட்டு, "கும்புடறதயெல்லாம் எடுத்துட்டுத் தேதியப் போடுங்க" என்றார். எடுத்தபின் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. கம்பெனியில் கொடுத்துச் சீல் வாங்கிவிட்டேன்.

மகள் அபிநயா கோவையிலிருந்து போனில், "ம்மா, நீயே எழுதுனியா?" என்று இரண்டு முறை கேட்டாள். நர்சிங் கடைசி வருஷம். அவளிடம் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன். படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்றாள். வந்தால் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று சொன்னேன்.

மார்ச் 4, திங்கள்

பதில் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, வீட்டையும் வருமானத்தையும் நேரில் பார்க்க வருவோம் என்று இருந்தது. தபால்காரர் நின்று, "நல்ல சேதிங்களாக்கா?" என்றார். கெட்டது இல்லை என்றேன்.

பி.பி. 140/90. பயிற்சி கொடுத்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

ஜெரால்டு வந்தார். நேராகக் கட்டிலருகே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சார், நான் ஜெரால்டு. உங்க லோன் விஷயமா வந்திருக்கேன். நீங்களும் கேளுங்க, உங்க பேர்லதான் லோன் இருக்கு."

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரும் ஐந்து மாதமாக இவரிடம் நேராகப் பேசியதில்லை. வருகிறவர்கள் எல்லோரும் இவர் தலைக்கு மேலாக என்னிடம்தான் விசாரிப்பார்கள். நானும் அப்படித்தான் என்று எழுத வேண்டியதில்லை.

ஜெரால்டு கணக்குத் தாளைக் காட்டினார். வீடு கட்ட வாங்கிய கடனில் பாதிக்கு மேல் அடைந்திருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்பு அதன் மேல் இன்னொரு ஆறு லட்சம் வாங்கியிருக்கிறோம். நான் பால் பொங்குகிறதே என்று கையெழுத்துப் போட்டது அதற்குத்தான். அதிலிருந்துதான் தவணை ஏறியிருக்கிறது.

"அந்தப் பணம் என்ன ஆச்சுன்னு தெரிஞ்சா நல்லது மேடம். எங்கேயாவது வரவேண்டியது இருந்தா கடிதத்துல காட்டலாம்."

எனக்குத் தெரியாது என்றேன். அது நிஜம்.

மார்ச் 14, வியாழன்

அவருடைய பாஸ்புக்கில் இருந்தது. பணம் வந்த நாலாம் நாள் முழுவதும் வெளியே போயிருக்கிறது. போன இடம் கோ. குழந்தைவேல்.

பாஸ்புக்கை அவர் முன்னால் விரித்து அந்த வரியில் விரலை வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இடது கையை மெல்ல ஆட்டினார், விட்டுவிடு என்பதுபோல. நான் விரலை எடுக்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அறுபது விரிப்பு முடித்தேன். ஒன்றில் கத்தரி பட்டுத் துணி கிழிந்துவிட்டது. அதற்கு நான்தான் பணம் கொடுக்க வேண்டும்.

மார்ச் 17, ஞாயிறு

வேலாயுதம்பாளையம் போனேன். அண்ணி கோயிலுக்குப் போயிருந்தார். லாரி வாசலில் தார்ப்பாய் போட்டு நின்றது.

பாஸ்புக்கை நீட்டினேன். அண்ணன் கண்ணாடி போடாமலே பார்த்தார். படிக்க வேண்டியிருக்கவில்லை.

"மாப்பிள்ளதான் உன்றகிட்டச் சொல்ல வேண்டாம்னாரு. 'கூடப்பொறந்தவன் கடன் கேட்டான்னு அவளுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவா'ன்னாரு. ரெண்டு வருசத்துல குடுத்தர்றேன்னுதான் வாங்குனன். மழ பேஞ்சு போர் வேலையே இல்லாமப் போச்சு."

"அவருக்கு ஒடம்புக்கு முடியாமப் போனப்பவாவது சொல்லியிருக்கலாமில்லீங்ண்ணா?"

"எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது?"

"தபால வாங்காதேன்னு சொன்னீங்களே, அது எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொன்னீங்க?"

இத்தனை வயதில் நான் அண்ணனை எதிர்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை. அவர் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்த என்னை முதுகில் சுமந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தவர் இதே அண்ணன்தான். இரண்டும் ஒரே ஆள் என்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

லாரியை விற்க ஆள் பார்க்கிறேன் என்றார். விற்று வந்ததில் பாதியும், மீதியை மாதாமாதமும் தருகிறேன் என்றார்.

"எழுதிக் குடுங்கண்ணா" என்றேன்.

ஒரு நிமிஷம் என்னை வேறு யாரோ போலப் பார்த்தார். அப்புறம் எழுதிக் கொடுத்தார்.

ஏப்ரல் 3, புதன்

கம்பெனி முடிவு சொல்லிவிட்டது. இன்னும் ஏழு வருஷம் நீட்டித் தருவார்கள். ஆனாலும் மாதம் பதினைந்தாயிரம் கட்ட வேண்டும். அண்ணனின் லாரி எப்போது விலை போகும் என்று அவருக்கே தெரியாது. இரவும் பகலும் பிசிறு வெட்டினாலும் எனக்குச் சோற்றுக்கும் மாத்திரைக்கும்தான் வரும்.

ஜெரால்டு எதிரில் உட்கார்ந்து தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

"நானே வித்துக் கட்டுனா ஏத்துக்குவீங்களா?"

"ஏத்துக்குவோம். ஏலத்துக்குப் போறதைவிட உங்க கைல பணம் நல்லா நிக்கும். ஆனா அவகாசம் கேட்டு எழுதணும். கொஞ்சம் முன்பணமும் கட்டணும்."

"எத்தன நாள் குடுப்பீங்க?"

"எத்தனை நாள்னு நீங்க எழுதுங்க. குறைக்கறது எங்க வேலை."

ஜூன் கடைசி வரை என்று எழுதினேன். அபராத வட்டியைத் தள்ளச் சொல்லியும் எழுதினேன், அது நானாகச் சேர்த்தது. காதில் இருந்ததைக் கழற்றி விற்று முன்பணம் கட்டினேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நேராக. "வித்தர்லாமுங்க." அவர் சுவரைப் பார்த்தார். அப்புறம் தலையசைத்தார். அவர் தினமும் நின்று தண்ணீர் ஊற்றிக் கட்டிய சுவர் அது.

அவருக்கு வருத்தம். எனக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் இன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும் போலிருக்கிறது.

ஏப்ரல் 18, வியாழன்

எழுத்தில் பதில் வந்தது. ஜூன் 30 வரை மேல் நடவடிக்கை இல்லை. அபராத வட்டியில் பாதி தள்ளுபடி.

மே 6, திங்கள்

இதுவரை ஒன்பது பேர் வீடு பார்த்துவிட்டார்கள். ஒருவர் நோட்டீஸ் விஷயம் தெரிந்து வந்திருக்கிறார். "அவசரமில்லீங்க, ஏலத்துக்கு வந்தா எடுத்துக்கறோம்" என்றார். கம்பெனி கொடுத்த கடிதத்தை அவருக்குக் காட்டினேன். படித்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

கடைசியாக வந்தவர்கள் மாயனூரில் வாத்தியார் வேலை பார்க்கும் புருஷன் பெண்டாட்டி. அந்தப் பெண் சமையலறையில் ரொம்ப நேரம் நின்றாள். ஜன்னல் வழியாகக் காற்று வருமா என்று கேட்டாள். வரும் என்றேன். மேல்தளத்தில் மழைக்கு ஓர் இடம் ஒழுகும் என்பதையும் சொன்னேன். அதற்கு விலையில் கொஞ்சம் குறைத்தார்கள். பரவாயில்லை.

ஜூன் 12, புதன்

பத்திரப் பதிவு முடிந்தது. இவரை வாடகைக் காரில் கூட்டிப்போனோம். அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பதிவாளர் இவரிடமே கேட்டார், முழுச் சம்மதம்தானா என்று. இவர் தலையசைத்து, நாங்கள் பிடிப்பதற்கு முன்பே இடது கையை மைப்பெட்டிக்கு நீட்டினார்.

வாங்கியவர்களின் வங்கிக் காசோலை நேராகக் கம்பெனிக்குப் போயிற்று. கடன் தீர்ந்ததென்று கடிதமும் மூலப் பத்திரமும் கொண்டுவந்த ஜெரால்டு, பத்திரத்தைப் புது ஆட்களிடம் கொடுக்கும் முன் என் கையில் ஒரு நிமிஷம் கொடுத்தார். நான் பிரித்துப் பார்க்கவில்லை.

"எழுதுறது உங்களுக்கு நல்லா வருது மேடம்" என்றார்.

"இதெல்லாம் வராமலே இருந்திருந்தா நல்லாருந்திருக்குமுங்க."

சிரித்தார். எல்லாம் போக எங்கள் கணக்கில் பத்து லட்சத்துக்குப் பக்கம் நிற்கிறது. கிளம்பும்போது அண்ணன் ஓர் உறையைக் கொடுத்தார். எண்ணாமல் வாங்கினேன். வீட்டுக்கு வந்து எண்ணினேன். எழுதிக்கொடுத்த மாதத் தொகை சரியாக இருந்தது. தேதிதான் ஒரு வாரம் தள்ளி.

ஜூலை 10, புதன்

வாடகை வீட்டுக்கு வந்தாயிற்று. தான்தோன்றிமலையில், இரண்டு அறை. ஆஸ்பத்திரி பஸ் வாசலிலேயே நிற்கும். கீழே வீட்டுக்கார அம்மாள் இருக்கிறார். பீரோ கதவு இடித்துச் சுவரில் காரை பெயர்ந்துவிட்டது, அதற்கு இன்றே முகம் சுளித்தார்.

பி.பி. மெஷின் எந்த மூட்டையில் இருக்கிறதோ.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் சண்டை.

கட்டிலை உள்ளறையில் போட்டிருந்தேன். இவர் இடது கையால் முன்னறை ஜன்னலைக் காட்டிக்கொண்டே இருந்தார். அங்கே போடு என்கிறார். முன்னறையில் துணி மூட்டை வைக்க வேண்டும், வருகிறவர்கள் உட்கார வேண்டும், முடியாது என்றேன். இவர் கட்டிலைத் தட்டினார். முடியாதென்று சொன்னேனில்லையா என்றேன். மறுபடியும் தட்டினார். நான் கையில் இருந்த விரிப்பைத் தரையில் வீசினேன்.

"எல்லாம் உங்க இஷ்டந்தானா? அண்ணனுக்குக் குடுத்தீங்களே, என்றகிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா? பதினொரு கடுதாசி. பதினொண்ணு. தைக்கற துணிக்கு அடீல வெச்சுட்டு எனக்கு முன்னாடி உக்காந்து சோறு தின்னீங்களே, எப்படித் தின்னீங்க? நான் யாருங்க உங்களுக்கு? கையெழுத்துப் போடறதுக்கு மட்டுந்தானா?"

இன்னும் என்னென்னவோ கேட்டேன். எல்லாவற்றையும் எழுத முடியாது. அவர் முகம் சிவந்து பெரிய சத்தம் போட்டார். வார்த்தை இல்லை, ஆனால் அவருடைய பழைய கோபம் அது, எனக்குத் தெரியும். தன் நெஞ்சைத் தட்டினார், என்னைக் காட்டினார், மறுபடியும் நெஞ்சைத் தட்டினார். நானும் விடவில்லை. அவரும் விடவில்லை. கடைசியில் இரண்டு பேரும் அழுதோம். அழுதுகொண்டே ஜன்னலைக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டிலை முன்னறைக்கு இழுத்தேன். ஜன்னலுக்கு வெளியே ரோடு. ஒரு டவுன் பஸ் நின்றது. இவர் அதன் சீட்டைத்தான் பார்த்தார்.

சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மாள் மாடிப்படி ஏறி வந்து கதவைத் தட்டினார்.

"என்னம்மிணி, என்ன ஆச்சு? அவருக்கு ஏதாவது முடியலையா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"ஒண்ணுமில்லீங்க. பேசீட்டு இருக்கறமுங்க."